பிரிந்த பிறகும் ஒரே ஸ்டூடியோவில்: ஒரு ராக் குழுவின் 1976 ஒலிப்பதிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

ராக் இசைக்குழுவை வைத்து எழுதப்படும் நாவல்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. குழுவுக்குள் இரண்டு பேர் காதலிக்கிறார்கள், புகழ் வருகிறது, பிரிகிறார்கள், அந்த வலியிலிருந்து ஒரு மகத்தான இசைத்தட்டு பிறக்கிறது. அந்தக் கதைக்கு மிக நெருக்கமான உண்மை நிகழ்வு ஃப்ளீட்வுட் மாக் குழு 1976இல் ‘ரூமர்ஸ்’ தட்டைப் பதிவு செய்த காலம். அதை முழுதாகப் பார்த்தால், வலி மட்டும் அந்தத் தட்டை உண்டாக்கிவிடவில்லை என்று தெரிகிறது. முகம் கொடுத்துப் பேசாதவர்கள் சேர்ந்து வேலை செய்ய ஒரு ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு இருந்த இடங்களில் பாட்டு பிழைத்தது. அது இல்லாமல் போன ஒரு இடத்தில் உண்டான காயம் ஆற இருபது ஆண்டு பிடித்தது.

இதில் வரும் ஐவரும் உலகறிந்தவர்கள்தான். ஆனாலும் நிகழ்வு ஆய்வின் வழக்கப்படி பெயரை விட்டுவிட்டு, அவரவர் வாசித்த கருவியைக் கொண்டே குறிப்பிடுகிறேன். யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற பஞ்சாயத்துக்குள் போகாமல் இருக்க இது உதவும்.

பின்னணி

குழு 1967இல் லண்டனில் ப்ளூஸ் வாசிக்கும் குழுவாகத் தொடங்கியது. கிட்டார் வாசிப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். நிலையாக இருந்தவர்கள் டிரம்மரும் பேஸ் கிட்டார்காரரும். பேஸ் கிட்டார்காரரின் மனைவி 1970இல் கீபோர்டு கலைஞராகச் சேர்ந்தார். அவரும் நல்ல பாடகி, சொந்தமாகப் பாட்டு எழுதுபவர். 1974இல் குழு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில், அடுத்த தட்டுக்கு ஸ்டூடியோ தேடிக்கொண்டு டிரம்மர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சவுண்ட் சிட்டி என்ற இடத்துக்குப் போனார். கூடத்தின் ஒலி எப்படி இருக்கிறது என்று காட்ட, அங்கிருந்த ஒலிப்பதிவாளர் ஒரு இளம் ஜோடி பதிவு செய்திருந்த பாட்டைப் போட்டுக் காட்டினார். டிரம்மருக்கு அந்தக் கிட்டார் மனதில் தங்கிவிட்டது. சில நாளில் குழுவின் பழைய கிட்டார்காரர் விலக, அந்த இளைஞருக்கு அழைப்பு போனது. வருகிறேன், ஆனால் என் காதலியும் என்னோடு சேர்ந்துதான் வருவார் என்று அவர் நிபந்தனை போட்டார். இனி நான் கிட்டார் கலைஞர், பாடகி என்று சொல்வது இந்த இருவரைத்தான்.

இங்கே டிரம்மர் செய்த ஒரு காரியம் பலருக்கும் தெரிவதில்லை. குழுவில் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறார், இன்னொரு பாடகி வருவது அவருடைய இடத்தைத் தொடும். அதனால் கீபோர்டு கலைஞருக்குப் புதியவரைப் பிடிக்காவிட்டால் இந்த யோசனையையே விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு, எல்லோரும் ஒரு மெக்சிகன் உணவகத்தில் சந்தித்தார்கள். இரண்டு பெண்களுக்கும் அன்றே ஒத்துப்போனது. பின்னால் வந்த புயலில் குழுவுக்குள் கடைசி வரை உடையாமல் இருந்தது இந்த நட்புதான். யாரைச் சேர்க்கிறோம் என்பதைவிட யாரிடம் கேட்டுவிட்டுச் சேர்க்கிறோம் என்பது முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இந்த உணவகச் சந்திப்பு ஒரு காரணம்.

ஐவரும் சேர்ந்து செய்த முதல் தட்டு 1975இல் வந்தது. மெதுவாக ஏறி, ஓராண்டுக்கும் மேல் கழித்து 1976 செப்டம்பரில்தான் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதாவது, அடுத்த தட்டின் ஒலிப்பதிவு நடந்த மாதங்கள் முழுக்க வெளியே புகழ் ஏறிக்கொண்டே இருந்தது. ரேடியோவைத் திருப்பினால் அவர்கள் குரல்.

கவனித்தவை

1976 பிப்ரவரியில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சாசலிட்டோவில் உள்ள ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். மரப்பலகை அடித்த சுவர்கள், ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. பெண்கள் இருவரும் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் தங்கினார்கள், ஆண்கள் வேறு இடத்தில்.

அப்போது நிலைமை இது. பேஸ் கிட்டார்காரரும் கீபோர்டு கலைஞரும் எட்டு ஆண்டு மணவாழ்க்கையை முறித்துக்கொண்டிருந்தார்கள். இசை பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. கிட்டார் கலைஞருக்கும் பாடகிக்கும் காதல் முறிந்து, வாய்ச் சண்டை ஓயாமல் நடந்தது. டிரம்மரின் குடும்பமும் ஆட்டம் கண்டிருந்தது. குடியும் கொக்கெய்னும் தாராளமாகப் புழங்கின. வேலை பெரும்பாலும் இரவில்தான்.

இதோடு இன்னொரு சிக்கல். குழுவில் பாட்டு எழுதுபவர்கள் மூன்று பேர்: கிட்டார் கலைஞர், பாடகி, கீபோர்டு கலைஞர். மூவரும் தங்கள் பிரிவைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பற்றி எழுதினார்களோ அவரே அந்தப் பாட்டுக்கு வாசிக்க வேண்டும், அல்லது கோரஸ் பாட வேண்டும். நம் சினிமா இசையில் எழுதுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். யாருடைய துக்கமோ யாருடைய குரலிலோ வரும். இங்கே அந்த இடைவெளியே இல்லை.

‘கோ யுவர் ஓன் வே’ பாட்டில் கிட்டார் கலைஞர், பிரிந்த காதலி ஆண்களோடு சுற்றுகிறார் என்ற பொருள்பட ஒரு வரி வைத்தார். அது உண்மையில்லை, எடுத்துவிடு என்று பாடகி கேட்டார். அவர் எடுக்கவில்லை. பாடகி அந்தப் பாட்டுக்கு ஹார்மனி (துணைக்குரல்) பாடினார், பிறகு மேடை மேடையாகவும் பாடினார். கீபோர்டு கலைஞர் ‘யூ மேக் லவ்விங் ஃபன்’ பாட்டைத் தன் புதிய காதலரை நினைத்து எழுதினார். அந்தக் காதலர் குழுவின் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டவர். கணவரிடம் என் நாயைப் பற்றி எழுதினேன் என்று சொல்லிச் சமாளித்தார். கணவர் அதற்கு பேஸ் வாசித்தார், பிரமாதமாக வாசித்தார். ‘டோன்ட் ஸ்டாப்’ தன்னை நினைத்து எழுதப்பட்டது என்பதும் அவருக்குப் பல ஆண்டு தெரியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழுவுக்கு அப்போது வெளியிலிருந்து மேனேஜர் இல்லை, டிரம்மர்தான் அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்துவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முந்தைய தட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது கலைந்துவிட்டால் திரும்பக் கூடமாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாரும் எழுதிவைக்காத இன்னொரு முடிவுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரியது. பாட்டு யாரைப் பற்றியதாக இருந்தாலும், ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டால் ஐந்து பேரும் தங்கள் முழுத் திறமையையும் அதற்குக் கொடுப்பது. ‘ட்ரீம்ஸ்’ பாட்டு உருவான விதம் இதற்கு நல்ல சாட்சி.

ஒருநாள் மற்றவர்கள் வேறு வேலையில் இருக்க, பாடகி பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்குப் போனார். வேறொரு பிரபல இசைக்கலைஞருக்காகக் கட்டியது என்று சொல்லப்பட்ட அறை, கறுப்பும் சிவப்புமாக இருக்கும், திரைச்சீலை போட்ட கட்டில்கூட உண்டு. அங்கே உட்கார்ந்து, எலெக்ட்ரிக் பியானோவையும் ஒரு கேசட் ரெக்கார்டரையும் வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் எழுதிவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேசட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டியபோது கீபோர்டு கலைஞருக்குப் பெரிதாகப் படவில்லை. ஒன்றிரண்டு கார்டுகளே (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறி மாறி வருகின்றன, சலிப்பாக இருக்கிறதே என்று நினைத்தார். நியாயமான சந்தேகம்தான்.

அதை மாற்றியது கிட்டார் கலைஞர். பாட்டு அவரைப் பற்றியது, அவரைக் குறை சொல்வது, போகிறவர் போகட்டும் என்று அவருக்குச் சொல்வது. அவர் அதை எடுத்து, ஒரே கார்டுகளை வைத்துக்கொண்டே மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வேறு வேறாகக் கேட்கும்படி அமைத்தார். சாசலிட்டோவில் பதிவானதில் டிரம்ஸும் பாடகியின் குரலும் மட்டும் நின்றன. கிட்டார், பேஸ் எல்லாம் பின்னால் லாஸ் ஏஞ்சல்ஸில் திரும்ப வாசிக்கப்பட்டன. முதல் வேகத்தில் பாடிய குரலில் இருந்தது திருத்திப் பாடினால் வராது என்பதால் அதை வைத்துக்கொண்டார்கள். நல்ல காது உள்ளவர்களின் முடிவு. அமெரிக்கப் பட்டியலில் இந்தக் குழுவுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே சிங்கிள் (தனிப்பாட்டாக வரும் சிறு தட்டு) அதுதான்.

‘சாங்பேர்ட்’ பாட்டுக்கு நேர்மாறான முடிவு. அதற்குக் குழுவே வேண்டாம், ஜன்னலில்லாத அந்தக் கூடமும் வேண்டாம் என்று பட்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஸெல்லர்பாக் அரங்கை எடுத்து, காலி அரங்கில் கீபோர்டு கலைஞர் தனியாகப் பியானோ வாசித்துப் பாடினார். டெம்போ தவறாமலிருக்கக் கிட்டார் கலைஞர் மட்டும் உடன் வாசித்தார். எந்தப் பாட்டுக்கு எல்லோரும் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது.

‘த செயின்’ ஐந்து பேர் பெயரும் எழுத்தாளர்களாகப் போட்ட ஒரே பாட்டு. கீபோர்டு கலைஞர் தொடங்கிய ஒரு பாட்டு சரியாக வரவில்லை. கடைசியில் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து ஏறும் பகுதி மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. டேப்பை பிளேடால் வெட்டி, அந்தக் கடைசிப் பகுதியை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு, முன்பகுதியைப் புதிதாக எழுதினார்கள். சொற்களில் பெரும்பகுதி பாடகியிடமிருந்து வந்தது, கிட்டார் இசை கிட்டார் கலைஞரிடமிருந்து. பிபிசியில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்கள், அந்த நிகழ்ச்சியின் அடையாள இசையாக வந்த அந்த பேஸ் இசையை எங்கு கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரைப் பங்கிட்டுக்கொள்வது பணத்தைப் பங்கிட்டுக்கொள்வது. பிரிந்து நின்ற நேரத்தில் ஐவரும் அதற்குச் சம்மதித்தது சின்ன விஷயமில்லை.

அப்புறம் டேப் பிரச்சினை. அந்தக் காலத்து மேக்னெடிக் டேப், ஒவ்வொரு முறை ஓடும்போதும் மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முதலில் போவது கூர்மையான ஒலிகள். மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டி, மேலே மேலே பதிவு செய்ததில் டிரம்ஸ் உயிரில்லாமல் கேட்கத் தொடங்கியது. நல்லவேளையாக, ஆரம்பத்தில் வாசித்தது பதிவான இன்னொரு டேப் தேயாமல் பத்திரமாக இருந்தது. இரண்டு டேப்பையும் இணைக்க ஒரு நிபுணரை வைத்தார்கள். அவர் ஹெட்போனில் ஒரு காதில் தேய்ந்த டேப்பையும் இன்னொரு காதில் நல்ல டேப்பையும் வைத்து, டிரம்ஸின் ஸ்நேர், ஹை-ஹாட் அடிகளைக் கேட்டுக் கேட்டு, வேகத்தைக் கையாலேயே கூட்டிக் குறைத்து இரண்டையும் ஒன்றாக ஓடவைத்தார். சற்றுப் பிசகினாலும் காதில் இரட்டையாக விழும். தட்டு தப்பியது அந்த மனிதரின் பொறுமையால்.

கைவிடப்பட்ட பாட்டு

இதுவரை சொன்னதில் குழு பெரும்பாலும் சரியாக நடந்துகொண்டது. இனி வருவது அப்படியில்லை.

பாடகி ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ என்று ஒரு பாட்டு எழுதியிருந்தார். பிரிந்த காதலனிடம், என் குரல் உன்னை விடாது என்று சொல்லும் பாட்டு. அதன் உரிமையை முன்கூட்டியே தன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். பாட்டு நீளம், வேகம் குறைவு. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் பள்ளங்கள் நெருங்கி, ஒலியின் கனம் குறையும். ஆகவே ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். இந்தக் கணக்கில் தவறில்லை.

தவறு அதைச் செய்த விதத்தில். அந்த இடத்துக்கு ‘ஐ டோன்ட் வான்ட் டு நோ’ என்ற பாட்டை எடுத்தார்கள். அதுவும் பாடகி எழுதியதுதான், ஆனால் ஜோடியாக இருந்த பழைய நாள்களில் எழுதியது. அவருக்குத் தெரியாமல் மற்றவர்கள் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். பிறகு டிரம்மர் அவரை ஸ்டூடியோவின் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். பாடகி அலறிவிட்டதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு உள்ளே போய், மாற்றாக வந்த பாட்டைப் பாடிக் கொடுத்தார்.

‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ கடைசியில், ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிள் தட்டின் மறுபக்கத்தில் வந்தது. அவர் எடுக்கச் சொன்ன வரியைத் தாங்கிய பாட்டு முன்பக்கம், அவர் எழுதிய பாட்டு பின்பக்கம். சிங்கிள் விற்றால் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் தட்டில் இருப்பதும் சிங்கிளின் மறுபக்கத்தில் இருப்பதும் ஒன்றாகாது. அம்மாவுக்குக் கொடுத்த பரிசு ஒரு மூலைக்குப் போய்விட்டது.

விளைவுகள்

தட்டு 1977 பிப்ரவரி 4 அன்று வெளிவந்தது. ‘ரூமர்ஸ்’ என்ற பெயரைச் சொன்னவர் பேஸ் கிட்டார்காரர். எல்லோரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது என்றார். அமெரிக்கப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடம். 1978இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்றதாகக் கணக்கு.

ஆட்களுக்கு என்ன ஆனது? 1987இல், சுற்றுப்பயணம் தொடங்கும் தறுவாயில், கடும் சண்டைக்குப் பிறகு கிட்டார் கலைஞர் விலகினார். 1991இல் பாடகி தன் தனித் தொகுப்பில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டைச் சேர்க்கக் கேட்டார். டிரம்மர் மறுத்தார். குழுவின் 25 ஆண்டுத் தொகுப்பு 1992இல் வர இருந்தது, அதற்கு அந்தப் பாட்டு வேண்டும் என்றார். பாடகி குழுவை விட்டுப் போனார். கார் நிறுத்துமிடத்தில் தொடங்கியது பதினைந்து ஆண்டு கழித்து இப்படி முடிந்தது.

1993 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பதவியேற்பு விழாவில் ‘டோன்ட் ஸ்டாப்’ பாட ஐவரும் ஒருநாள் கூடினார்கள். முழுதாகச் சேர்ந்தது 1997இல், ‘த டான்ஸ்’ நிகழ்ச்சிக்கு. அதில் ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ பாட்டின் கடைசிப் பகுதியில் பாடகி கிட்டார் கலைஞரின் பக்கம் திரும்பி, அவர் கண்ணைப் பார்த்துப் பாடுகிறார். அவரும் பார்வையை விலக்காமல் சேர்ந்து பாடுகிறார். அந்தப் பதிவுக்குக் கிராமிப் பரிந்துரை கிடைத்தது. பல ஆண்டு மறுபக்கத்தில் கிடந்த பாட்டு அதன் பிறகுதான் எல்லோர் வாயிலும் வந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2018இல் கிட்டார் கலைஞர் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, வழக்குப் போட்டு, சமரசமானது.

மாற்ற வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். அதை எழுதுபவர்கள் மூவர் முன்பும் வைத்திருந்தால், நீளமான பாட்டை எழுதியவரே எங்கே குறைக்கலாம் என்று யோசித்திருப்பார். கடைசியில் வந்ததால் இயந்திரத்தின் கட்டுப்பாடு மனிதரின் தீர்ப்பாகத் தெரிந்தது. முன்னாள் காதலர் பாட்டு இருக்கிறது, என் பாட்டு இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டதை நான் குறை சொல்லமாட்டேன்.

மாற்றுப் பாட்டைப் பதிவு செய்யும் முன் சொல்லியிருக்க வேண்டும், ஐவரும் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். கெட்ட செய்தியை ஒருவர் தலையில் கட்டி, வெளியே அழைத்துப் போய்ச் சொன்னால் அது சதிபோலத்தான் தெரியும். உள்ளே தயாரிப்பாளர்களாக இரண்டு ஒலிப்பதிவாளர்கள் இருந்தார்கள், எந்த ஜோடியிலும் சேராதவர்கள். எந்தப் பாட்டு என்ற பேச்சை அவர்கள் நடத்தியிருக்கலாம்.

‘கோ யுவர் ஓன் வே’ பாட்டில் குற்றம் சாட்டும் வரி பற்றி எனக்கு உறுதியான விடை இல்லை. பாட்டு எழுதியவருடையது, அதில் மற்றவர் கைவைக்கக் கூடாது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் தன்னைக் குறை சொல்லும் பாட்டுக்குத் தானே ஹார்மனி பாடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை பாடகிக்கு இருந்திருக்க வேண்டும். அவர் பாடாமல் இருந்தால் பாட்டு இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பதும் உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆண்களும் பெண்களும் தனித்தனி இடத்தில் தங்கியது நல்ல ஏற்பாடு, அதை வைத்துக்கொள்ளலாம். கொக்கெய்னையும் விடிய விடிய விழிப்பதையும் படைப்பின் ரகசியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டிகளில் அந்த மாதங்களின் சேதத்தையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, 1991 தகராறு. பாட்டின் உரிமை குடும்பத்திடம் இருந்தும், குழு சேர்ந்து வாசித்த அந்த ஒலிப்பதிவைப் பாடகியால் தன் தொகுப்பில் போட முடியவில்லை. எழுத்துரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. நம்மூரில் சொந்தப் பாட்டு எழுதி வாசிக்கும் குழுக்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. நண்பர்கள், காதலர்கள், கணவன் மனைவி என்று சேர்ந்து தொடங்குகிறார்கள், ஒரு தாளில்கூட எதையும் எழுதிக்கொள்வதில்லை. அவர்கள் முதல் ஒலிப்பதிவுக்குப் போகும் முன் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: எந்தப் பாட்டு யார் பெயரில், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், பதிவு செய்துவிட்டுத் தட்டில் சேர்க்காத பாட்டை எழுதியவர் எத்தனை மாதம் கழித்து, யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.